இன்ஜினை மாற்றும் முன்: பழைய ஜீப்பில் தேய்ந்த பாகங்களைக் கவனியுங்கள்

பழைய ஜீப் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பெரிய டயரை. அடுத்து ஸ்பிரிங்கைத் தூக்கி வண்டியை உயர்த்தப் பார்ப்பார்கள். கையில் இன்னும் காசு இருந்தால் கூடுதல் பலமுள்ள இன்ஜினைத் தேடுவார்கள். கிளட்சிலிருந்து சக்கரம் வரை சுற்றும் பாகங்களின் ஞாபகம், மலைப்பாதையில் ஏதாவது ஒன்று உடைந்த பிறகுதான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பணமும் மிஞ்சும், பாதி வழியில் நிற்கவும் வேண்டியிருக்காது. அதற்கான காரணத்தையும் வழியையும் இங்கே பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு நம் ஊரில் அதிகம் கிடைக்கும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் 1947-இல் வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சிஜே-3பி வடிவத்தை அதன் பிறகும் பல ஆண்டுகள் இங்கே உருவாக்கிக்கொண்டிருந்தது. 1985-இல் எம்.எம். 540 வந்தது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கல்பாதையில் இன்றும் ஆட்களை ஏற்றிச் செல்வது இந்தக் குடும்பத்து வண்டிகள்தான். இவற்றில் முப்பது, நாற்பது வருடம் ஓடியவை ஏராளம். அத்தனை வயதான வண்டியில் தேயாத பாகம் இருக்காது. எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சக்தி போகும் பாதையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினின் பிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ். அதன் முதுகில் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து முன்னும் பின்னும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். ஒவ்வொன்றின் முனையிலும் டிஃபரன்ஷியல், அதற்குள் கிரவுன்-பினியன். அங்கிருந்து ஆக்சில் ஷாஃப்ட்கள், ஹப், சக்கரம். இந்த வழியில் போகப் போக வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகும்.

எவ்வளவு பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. பழைய வில்லிஸ் பெட்ரோல் இன்ஜின் கொடுக்கும் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். டி-90 கியர்பாக்ஸின் முதல் கியர் அதை ஏறத்தாழ 2.8 மடங்காக்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் இன்னும் சுமார் 2.4 மடங்கு. 5.38 விகிதமுள்ள கிரவுன்-பினியன் மேலும் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 36 மடங்கு. உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரங்களுக்கு வந்து சேருவது 5,000 நியூட்டன் மீட்டருக்கும் மேல். இதே பாதையில் 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ-யின் 247 நியூட்டன் மீட்டரை அனுப்பினால் அது 8,900-ஐத் தொடும்.

ஆனால் இந்த 5,000 முழுவதும் எப்போதும் பாகங்களின் மேல் ஏறுவதில்லை. டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் முறுக்கு ஏறும். பிடி விட்டதும் சக்கரம் வெறுமனே சுழலும். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி, ஓரளவு நல்ல பிடியுள்ள தரை, பழைய 6.00-16 டயர் என்று வைத்துக்கொண்டால், நான்கு சக்கரமும் சேர்ந்து தாங்கும் முறுக்கு 4,200 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றுவிடும். அதாவது லோ கியரில் இந்த வண்டிக்கு முதலிலிருந்தே வேண்டிய பலம் இருக்கிறது. பாகங்களுக்கு வரும் உச்சச் சுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் பிடியும் திடீர் அதிர்ச்சியும்தான். இதனால்தான், 'டயர்தானே மாற்றினேன்' என்று சொல்பவரின் வண்டியில்கூட ஆக்சில் ஷாஃப்ட் முறிகிறது.

டயரின் விட்டம் சுமார் 28 அங்குலத்திலிருந்து 31 ஆனால், அதே இழுவைக்கு ஒவ்வொரு ஆக்சிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக முறுக்கைத் தாங்க வேண்டும். வண்டியின் ஓட்டமோ, 5.38 கிரவுனைக் கழற்றிவிட்டு 4.86 போட்டதுபோல மந்தமாகிவிடும். மந்தமானதும் ஓட்டுபவர் கிளட்சை அதிகம் உராயவிடுவார், ஆக்சிலேட்டரை மிதிப்பார். அகலமான டயரின் பிடி அதற்கு மேல் சுமை சேர்க்கும். டயரின் கூடுதல் எடை பிரேக்குக்கும் கிங்பின் பேரிங்குக்கும் போகும்.

அடுத்தது அதிர்ச்சி. தேய்ந்த பாகம் எங்கே உடைகிறது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. கியரின் இரண்டு பற்களுக்கு நடுவிலும், ஸ்பிளைனிலும், யுனிவர்சல் ஜாயிண்டிலும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். பட்டறையில் அதை 'ஆட்டம்' என்றோ 'ப்ளே' என்றோ சொல்வார்கள். புதிய வண்டியில் எல்லாவற்றையும் கூட்டினாலும் அது சிறிதுதான். பழைய வண்டியில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கிளட்சை விட்டதும் 'டங்' என்று கேட்கும் அளவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில், எதிர்ப்பே இல்லாமல் சுற்றி வேகம் பிடித்த பாகம் அடுத்த பாகத்தின் மேல் போய் மோதுகிறது. காற்றில் சுழன்ற சக்கரம் திடீரென்று பாறையைப் பிடிக்கும்போதும் இதே மோதல்தான். அப்போது வரும் விசை, கணக்கில் வரும் முறுக்கைவிட மிக அதிகம். நல்ல பல் இதையெல்லாம் தாங்கும். மேல்தோல் உரிந்த பல் தாங்காது.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு பாகத்தையும் கழற்றாமலே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்களில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டை மட்டும்தான். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ள சக்கரம் மறுபக்கமும் சுற்றி வண்டி உருண்டுவிடும். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

சமதளத்தில் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் அசைந்தும் அதன் முனையிலுள்ள பினியன் பிளாஞ்ச் அசையவில்லை என்றால் குறை யுனிவர்சல் ஜாயிண்டின் கிராஸில். இரண்டும் சேர்ந்தே அசைந்தால் அந்த ஆட்டம் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிறது. நடுவிலுள்ள ஸ்லிப் யோக் தனியாகக் கடகடத்தால் ஸ்பிளைன் தேய்ந்திருக்கிறது. பிறகு பினியன் பிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு அது உள்ளே வெளியே நகர்ந்தால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. அந்த நிலையில் புது ஆயில் சீல் போட்டாலும் சில நாளில் ஒழுகும்.

காதாலும் நிறையக் கண்டுபிடிக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கினாலும், அல்லது விட்டதும் ஊளை தொடங்கினாலும், கிரவுன்-பினியனின் பல் பொருத்தம் அல்லது பினியன் பேரிங் மேல் சந்தேகம் வர வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறினால் சக்கர பேரிங். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரைத்தட்டு அதிர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட். மண்தரையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகரும்போது முன்பக்கம் 'டிக் டிக்' என்றால் முன் ஆக்சிலின் ஜாயிண்ட்.

அடுத்து எண்ணெய். ஐந்து இடத்து எண்ணெயையும், அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று, தனித்தனிப் பாத்திரத்தில் இறக்குங்கள். வடிகால் போல்ட்டில் ஒட்டியிருப்பது சாம்பல் நிறக் குழைவாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துகள் வந்தால் எங்கோ பல் உடைகிறது. கியர்பாக்ஸ் எண்ணெயில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் சின்க்ரோ வளையம் கரைகிறது. எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடை கடக்கும்போது சூடான ஆக்சில் ஹவுசிங் திடீரென்று குளிர்ந்து உள்ளே உறிஞ்சும். காற்றுப்போக்கி அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர்தான் உள்ளே போகும். அந்தக் காற்றுப்போக்கியைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயால் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுவது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

ஆக்சிலும் கிரவுன்-பினியனும்

வேலையைச் சக்கரத்தின் பக்கமிருந்து தொடங்குவது நல்லது. முறுக்கு உச்சத்தில் இருப்பது அங்கேதான். பிரேக்கும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் இரண்டு ஆக்சிலின் விகிதமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எப்போதோ ஒருவர் ஒரு ஹவுசிங்கை மட்டும் மாற்றியிருக்கலாம். 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும் சேர்ந்தால் 5.38, 39-உம் 8-உம் சேர்ந்தால் 4.88. கழற்றாமல் எண்ணிப் பார்க்கவும் வழி உண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மறுசக்கரம் தரையில் அசையாமல் இருக்க, தூக்கியதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றும் மேலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவும் சுற்றினால் 5.38. ஐந்து சுற்று நிறையக் கொஞ்சம் குறைந்தால் 4.88. முன்னும் பின்னும் வேறு வேறாக இருந்தால், நான்கு சக்கர இயக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸும் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகும். இந்த வண்டிகளில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. அந்த முறுக்கு வெளியேற டயர் வழுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும், கெட்டியான தார்ச்சாலையில் முன் ஆக்சிலை இணைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசி இணை சேர்க்கப்பட்டவை. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். பினியனில் ஒரு பல் போனால் பினியனை மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கூடவே பினியன் பேரிங் இரண்டு, பக்கவாட்டு பேரிங் இரண்டு, சீல்கள். பேரிங்கைக் கழற்றும்போது அதன் வெளிக்கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புது உருளை நிலைக்காது.

பொருத்தும்போது மூன்று அளவுகள் சரியாக வர வேண்டும். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பது ஒன்று. பினியன் பேரிங்கில் எவ்வளவு இறுக்கம் என்பது இரண்டாவது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே எவ்வளவு ஆட்டம் என்பது மூன்றாவது. இந்த ஆக்சில்களில் இவற்றை மெல்லிய ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் அமைப்பார்கள். பல்லிடை ஆட்டம் பொதுவாக 0.13-லிருந்து 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் இதை அளக்க முடியாது. கடைசியாக, பல்லில் குறிக்கும் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்து, தொடும் தடம் பல்லின் முகத்தில் நடுவாக விழுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். தடம் பல்லின் உச்சியிலோ அடியிலோ ஒதுங்கினால் பினியன் ஆழம் தவறு. 'கை அனுபவத்திலேயே வைத்துவிடுவேன்' என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். கியர்பாக்ஸை அருமையாகப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குகளிலும் கிரவுன் அமைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லை என்றால், ஹவுசிங்கையே கழற்றி வேறு ஊருக்கு எடுத்துப்போவதில் தவறில்லை.

ஆக்சில் ஷாஃப்டை வெளியே எடுத்ததும் அதன் ஸ்பிளைனை முனையிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். பல்வரிசை நேர்கோடாகப் போகாமல் சற்றே சுருண்டிருந்தால், அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டது. பார்க்க நன்றாக இருந்தாலும் அதைத் திரும்பப் போடக் கூடாது. லாக்கிங் டிஃபரன்ஷியல் போடும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே முறுக்கைப் பிரிக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். லாக்கர் பூட்டினால், பிடி உள்ள ஒரே சக்கரத்தின் ஷாஃப்டுக்கு அந்த ஆக்சிலின் முழு முறுக்கும் போய்விடும்.

பின் ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டின் மேல் சாவியோடு உட்காரும் வகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே முறுக்கைத் தாங்குவது கூம்பின் இறுக்கமே, சாவி துணைக்குத்தான். நட்டு தளர்ந்தால் முழுச் சுமையும் சாவியின் மேல் விழுந்து அது வெட்டுப்படும், காடியும் கிழியும். அந்த நட்டுக்குச் சுமார் 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத இறுக்கம் வேண்டும். ஹப்பைக் கழற்ற அதற்குரிய புல்லரை மட்டும் பயன்படுத்துங்கள். ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி பேரிங்குக்கும் டிஃபரன்ஷியலின் நடுக்கட்டைக்கும் போகும்.

முன்பக்கத்தில் கிங்பின் பேரிங், ஆக்சில் முனையிலுள்ள உருண்டையைச் சுற்றிய கம்பளி சீல், உள்ளே இருக்கும் ஜாயிண்ட் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். குழிப்பட்ட கிங்பின் பேரிங்கோடு பெரிய டயரும் சேர்ந்தால், நடுத்தர வேகத்தில் ஒரு பள்ளம் போதும், ஸ்டீயரிங் கையில் உதற ஆரம்பித்துவிடும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்

கிராஸ் விலை குறைந்த பாகம். பேரிங் கிண்ணத்தைக் கழற்றினால், ஊசி உருளைகள் பதிந்த கோடுகள் கிராஸின் கால்களில் தெரியும். நகத்தில் உணரும் அளவுக்குக் கோடு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். கிராஸை மாற்றும்போது இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஸ்பிளைனைச் சேர்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும், காரணம் தெரியாமல் டயரையும் சக்கரத்தையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பிரிக்கும் முன்னே சுண்ணாம்பிலோ பெயின்டிலோ ஒரு கோடு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்பிரிங்கை உயர்த்துபவர்கள் இதை அவசியம் கணக்கிட வேண்டும். பழைய ஜீப்பின் பின் ஷாஃப்ட் குட்டையானது. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஷாஃப்டில் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அதன் கோணம் ஏறத்தாழ 6 டிகிரி கூடும். அதே உயர்வு ஒரு மீட்டர் ஷாஃப்டில் 3 டிகிரிகூட வராது. கோணம் கூடக் கூட கிராஸ் சீக்கிரம் போகும், ஸ்லிப் ஸ்பிளைன் வெளியே இழுபட்டு ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். இரு முனைக் கோணமும் சமமாக இருந்தால்தான் ஷாஃப்ட் சீராகச் சுற்றும். குட்டை வண்டியை அதிகம் உயர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ், கிளட்ச்

வில்லிஸ் வழிவந்த ஜீப்களின் டிரான்ஸ்ஃபர் கேஸ் டேனா 18 வகை. இரும்பால் செய்த, நல்ல உறுதியான பெட்டி. அதன் பலவீனம் நடுவிலுள்ள இடைநிலைக் கியரின் ஷாஃப்ட். அந்தக் கியர் ஊசி உருளைகளின் மேல் சுற்றுகிறது; எண்ணெய் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அதுவே. ஷாஃப்டில் குழி விழும், பக்கவாட்டு வாஷர் தேயும், கியர் முன்னும் பின்னும் நகரும். சில பெட்டிகளில் ஷாஃப்ட் உட்காரும் துளையே பெரிதாகி அதன் வழியாக எண்ணெய் கசியும். அப்படியானால் லேத் பட்டறையில் துளையைச் சீராக்கி ஸ்லீவ் போட்டாக வேண்டும். பசை தடவி மூடுவது சில வாரம்தான் தாங்கும். பின் சீல் ஒழுகினால் அந்த எண்ணெய் நேரே கைப்பிரேக் டிரம்முக்குள் போகும். மலையில் நிறுத்திய வண்டி நகர்வதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

இன்னொன்று: கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பதால் இடையே எண்ணெய் கடக்கும். ஒன்றில் மட்டம் குறைந்து மற்றதில் கூடினால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, ஆனால் கியர்பாக்ஸ் வறண்டு ஓடும். இரண்டு மட்டத்தையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள்.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஆக்சிலை இணைக்காமல் லோ கியர் போட முடியாதபடி ஒரு தடை இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்துக்கு மட்டும் லோ கியர் கொடுக்கும் மாற்றம் பலருக்குப் பிடித்தமானது. குறுகிய இடத்தில் திருப்ப அது உதவும், உண்மைதான். ஆனால் இரண்டு ஆக்சில் பங்கிட வேண்டிய முறுக்கு முழுவதும் ஒன்றின் மேல் விழாமல் காப்பது அந்தத் தடைதான். பின் ஆக்சில் புதிதாக அமைக்கப்படாத வண்டியில் அதைத் தொட வேண்டாம்.

கியர்பாக்ஸில் சொல்வதற்கு அதிகமில்லை. டி-90-இன் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது; ஓட்டத்தில் அது கரகரத்தால் அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம். இரண்டாம் கியர் தானாக நழுவினால் சின்க்ரோவின் பல்லும் பேரிங்கின் ஆட்டமும் காரணமாக இருக்கலாம். பழைய கியர்பாக்ஸில் பித்தளை வளையம் இருப்பதால் ஜிஎல்-4 வகை எண்ணெய் பாதுகாப்பானது. கிரவுன்-பினியனுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஒரே டப்பாவை எல்லா இடத்திலும் ஊற்றுவதை நிறுத்தினாலே பல சின்க்ரோக்கள் பிழைக்கும்.

கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவிலுள்ள பைலட் புஷ் ஆகிய நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். இன்ஜினின் பின் சீலையும் அப்போதே பாருங்கள். பாகத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் உழைப்பு பெரிது.

இன்ஜினை மாற்றுபவர்கள் சிலர் அதோடு வந்த கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே பூட்ட நினைப்பார்கள். ஒன்றை மறக்க வேண்டாம். டேனா 18-இல் பின் ஷாஃப்ட் வலப்புறம் ஒதுங்கியிருக்கும், அதற்கேற்பப் பின் டிஃபரன்ஷியலும் ஒதுங்கியிருக்கும். பின் ஷாஃப்ட் நடுவில் கிளம்பும் வேறு பெட்டியைப் போட்டால் பின் ஆக்சிலும் மாற வேண்டும், இரண்டு ஷாஃப்டின் நீளமும் மாற வேண்டும். இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தைவிட இதற்கு அதிகம் ஆகலாம்.

எதை உடையவிடுவது

ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடத்துக்குச் சுமை நகரும். ஆகவே ஏதாவது ஒன்று உடைந்தே தீரும் என்றால், காட்டில் இரண்டு ஸ்பேனரால் மாற்றக்கூடியது உடைவதே நல்லது. புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் அப்படிப்பட்டது. பின் கிராஸ் போனாலும் அந்த ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கர இழுவையில் மெல்ல ஊர் வந்து சேரலாம். ஆனால் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பது அந்த ஷாஃப்ட் வழியாகத்தான் என்பதால், அது இல்லாத வண்டியில் கைப்பிரேக்கை நம்ப முடியாது. நிறுத்தும் இடமெல்லாம் கட்டை வைக்க வேண்டும். கிராஸைக் கனமானதாக மாற்றி, கிரவுன்-பினியனைப் பழையதாகவே விட்டுவைப்பது இந்த வரிசையைக் கெடுப்பதாகும்.

பாகங்கள் வாங்க சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. டெல்லியின் மாயாபுரியிலிருந்தும் வரவழைக்கிறார்கள். பேரிங், சீல், கிராஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பேரிங்கில் போலிகள் அதிகம். பில் கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். பழைய கிரவுன்-பினியன் வாங்கினால் ஜோடி எண் ஒன்றா, பல்லின் முகத்தில் குழியோ படியோ இருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஆக்சில் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் உடல் போன்ற வார்ப்புகளைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. விரிசலும் பற்றவைத்த தழும்பும் இல்லாமல் இருந்தால் போதும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் நிறுவனத்தின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வேறு இன்ஜின் போடுவதென்றால் வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். தேய்ந்த பாகத்தை அதே அளவுள்ள புதிய பாகத்தால் மாற்றுவது வெறும் பழுதுபார்ப்பு. இந்தக் கட்டுரையில் சொன்னதில் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான பழைய ஜீப்களுக்கு அதுவே போதுமான மேம்பாடு என்பது என் கருத்து. ஆட்டம் இல்லாத ஆக்சில்களும் கசியாத டிரான்ஸ்ஃபர் கேஸும் உள்ள 142 நியூட்டன் மீட்டர் வண்டி, லோ கியரில் ஏறாத மேடு குறைவு.

எல்லாம் பூட்டிய பிறகு உடனே மலைக்குப் போக வேண்டாம். புதிய கிரவுன்-பினியன் முதல் ஓட்டத்தில் மிகவும் சூடாகும். இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இப்படிச் சில தடவை. முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்காதீர்கள், முழு மிதி மிதிக்காதீர்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் பின் ஹப் நட்டு, பிளாஞ்ச் போல்ட், யு-போல்ட் ஆகியவற்றை மறுபடி இறுக்கிப் பாருங்கள். 800 கிலோமீட்டரில் இரண்டு ஆக்சிலின் எண்ணெயையும் சூடாக இருக்கும்போதே இறக்கி, வடிகால் போல்ட்டைத் துடைத்துப் பார்த்து, புது எண்ணெய் ஊற்றுங்கள். பெரிய டயர் வாங்குவதென்றால் அதற்குப் பிறகு வாங்கலாம்.